ஹெரன்ஹவுசன் பரோக் அரசத் தோட்டம்: ஒரு நாள் நடைக்கான முழுமையான வழிகாட்டி

வட ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரின் வடமேற்கு ஓரத்தில், சுமார் 50 ஹெக்டேர் பரப்பில், மூன்று பக்கம் அகழியால் சூழப்பட்ட ஒரு நீள்சதுரத் தோட்டம் இருக்கிறது. ஜெர்மானியர்கள் அதைக் ‘கிரோசர் கார்ட்டன்’, அதாவது பெருந்தோட்டம் என்று அழைக்கிறார்கள். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் பரோக் என்னும் ஆடம்பர அரசவைப் பாணியில் போடப்பட்ட தோட்டங்களில் பல, அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கைப் பாணித் தோட்டம் நாகரிகமானபோது கலைத்து மாற்றப்பட்டன. நேர்கோடுகள் வளைவுகளாயின, வெட்டிய வேலிகள் காடாக விடப்பட்டன. இந்த ஹெரன்ஹவுசன் தோட்டமோ தன் பழைய கட்டங்களோடும் கோணங்களோடும் தப்பியது. அதை யாரோ போற்றிப் பாதுகாத்ததால் அது தப்பவில்லை. உரிமையாளர்கள் 1714இல் பிரிட்டனின் அரசர்களாகி லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆளில்லாத வீட்டில் யார் சுவரை இடித்துக் கட்டுவார்கள்? இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், வெறும் பூப்பாத்தியாகத் தெரியக்கூடிய இடம் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நாளில், கால் தாங்கும் அளவில், ஒரு பரோக் தோட்டத்தை முழுமையாக நடந்து முடிக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

எப்போது செல்ல வேண்டும்

ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலான மாதங்களே உரியவை. குளிர்காலத்தில் தோட்டம் திறந்திருந்தாலும் நீரூற்றுகள் இயங்கா. சிலைகளில் பலவற்றை உறைபனியிலிருந்து காக்கப் பெட்டியிட்டு மூடிவிடுவார்கள். பூக்களுக்காக மட்டும் செல்பவர் மே இறுதியையோ ஜூன் மாதத்தையோ தேர்ந்தெடுக்கலாம். கோடைக்காலச் சனிக்கிழமைகள் சிலவற்றில் இங்கே பன்னாட்டு வாணவேடிக்கைப் போட்டி நடைபெறும். அந்த நாட்களில் மாலைக் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், தோட்டத்தை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தேதியை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நாளை முடிவு செய்த பிறகு நேரத்தை நீரூற்றை வைத்து முடிவு செய்யுங்கள். நீரூற்றுகள் நாள் முழுவதும் ஓடுவதில்லை. பொதுவாக முற்பகல் 11 மணியளவில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் இயக்கப்படுகின்றன. அந்தப் பருவத்துக்குரிய சரியான நேரத்தை நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டு அறியலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய நீரூற்று காற்றுக்குப் பணியும். நான் முதல் முறை சென்ற நாளில் காற்று பலமாக இருந்ததால் அதை இயக்கவே இல்லை. வெறும் குளத்தைச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பினேன். எனவே முன்தின மாலையில் வானிலை அறிக்கையில் மழையைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள்.

காலணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பாதைகள் யாவும் நுண்சரளை போட்டவை. மெல்லிய செருப்போடு 5 கிலோமீட்டர் சரளையில் நடந்தால் மறுநாள் பாதம் கணக்குக் கேட்கும். மரநிழல் ஓரங்களில் மட்டுமே கிடைக்கும். நடுப்பகுதி முழுவதும் வெயிலுக்குத் திறந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றும் தொப்பி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

நுழையும் முன் அறிய வேண்டிய ஒருவர்

இத்தோட்டத்தை 1666 முதல் பிரபு யோஹான் ஃபிரீட்ரிஷ் போடத் தொடங்கினார் என்றாலும், இன்று நாம் காணும் வடிவத்துக்கு உரியவர் சோஃபியா. ஹனோவர் சிற்றரசரின் மனைவியான இவர் 1630இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில், நாடிழந்த ஓர் அரச குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லாந்தரின் தோட்டங்களையும் கால்வாய்களையும் பார்த்து வளர்ந்த அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1696 முதல் 1714 வரை, பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் மார்ட்டன் சார்போனியேவைக் கொண்டு தோட்டத்தைத் தெற்கே இரு மடங்காக விரித்தார். சார்போனியே நெதர்லாந்துக்குச் சென்று அங்குள்ள தோட்டங்களைப் பார்த்து வந்த பின்னரே வேலை தொடங்கியது. வெர்சாய்க் கோடுகளை ஒல்லாந்த அகழிக்குள் வைத்த கலவை அப்படித்தான் உருவானது.

1701இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கத்தோலிக்கர் அல்லாத அடுத்த வாரிசு என்ற முறையில் சோஃபியாவையும் அவர் வழியினரையும் ஆங்கில அரியணைக்கு உரியவர்களாக அறிவித்தது. அரசி ஆன் அவரைவிட ஏறத்தாழ 35 வயது இளையவர், உடல்நலம் குன்றியவர். சோஃபியாவோ எண்பதைக் கடந்தும் நாள்தோறும் மணிக்கணக்கில் இத்தோட்டத்தில் நடந்தவர். 1714 ஜூன் 8 அன்று மாலை நடைக்கு வந்தவர், திடீரென்று பிடித்த மழைக்கு ஒதுங்க விரைந்து நடந்தபோது விழுந்து இங்கேயே உயிர்விட்டார். சுமார் இரண்டு மாதங்களில் ஆனும் இறந்தார். மகுடம் சோஃபியாவின் மகன் கேயோர்க் லூட்விக்குக்குப் போனது. அவரே முதலாம் ஜார்ஜ். நீங்கள் நடக்கப்போவது, பிரிட்டனின் அரசியாவதற்கு இரண்டு மாதம் குறைவாக வாழ்ந்த ஒரு மூதாட்டியின் நடைபாதையில்.

முதல் கட்டம்: லிண்டன் சாலையில் தொடங்குங்கள்

ஹனோவர் தலைமை ரயில் நிலையத்துக்கு பெர்லின், ஹாம்பர்க், ஃபிராங்ஃபர்ட் மூன்று நகரங்களிலிருந்தும் அதிவேக ரயில்கள் வருகின்றன. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கிரோப்கே என்னும் மையச் சந்திப்பு. அங்கே 4ஆம் அல்லது 5ஆம் எண் டிராமைப் பிடித்தால் ‘ஹெரன்ஹாய்சர் கெர்ட்டன்’ நிறுத்தத்தில் தோட்ட வாசலிலேயே இறங்கிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக அதே டிராமில் கோனிக்ஸ்வோர்ட்டர் பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து தோட்டம் வரை சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1726இல் நடத் தொடங்கிய லிண்டன் மரச் சாலை நான்கு வரிசையாகப் போகிறது. அரசவைக் கோச்சுவண்டிகள் வந்த வழி இது. அரசர் வந்து சேர்வதற்கு முன்பே ‘இது அரசனின் இடம்’ என்று கண்ணுக்குச் சொல்லிவிடுவதற்காகவே பரோக் காலத்தில் இத்தகைய சாலைகளைப் போட்டார்கள். அரைமணி நேரம் ஒரே கோட்டில் நடந்து வந்தவருக்குத்தான் உள்ளே உள்ள கோடுகளின் பிடிவாதம் புரியும். சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் கேயோர்கன்கார்ட்டன், இயற்கைப் பாணியில் 19ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. வளைந்த குளமும் திட்டுத் திட்டான மரக்கூட்டமும் கொண்டது. பெருந்தோட்டம் லண்டனின் கண்ணில் படும் தூரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே நுழையக் கட்டணம் இல்லை. கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தால் உண்ண வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டாம் கட்டம்: முதலில் மேலேறிப் பாருங்கள்

நுழைவுச்சீட்டு வாங்கும்போது, கோடைப் பருவத்தில் எதிரே உள்ள பெர்க்கார்ட்டன் என்னும் தாவரத் தோட்டத்துக்கும் சேர்த்தே சீட்டு தருவார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள், மாலையில் வேண்டியிருக்கும்.

உள்ளே வந்ததும் கண்முன் நிற்கும் வெள்ளை அரண்மனை பழையதன்று. பழைய அரண்மனை 1943 அக்டோபர் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகவே கிடந்து, 2013இல்தான் பழைய முகப்போடு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஆகவே அரண்மனையில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அருகிலுள்ள ‘கேலரி’ கட்டடமே உண்மையில் பழமையானது. 1690களில் கட்டப்பட்ட அதன் உட்சுவர்களில் இத்தாலியக் கலைஞர் டொமாஸோ ஜூஸ்தி வரைந்த, ரோமானியப் புராண வீரன் ஈனியாஸின் கதை ஓவியங்கள் உள்ளன. நிகழ்ச்சிகள் நடக்கும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள், திறந்திருந்தால் தவறவிடாதீர்கள்.

பிறகு நேரே தோட்டத்துக்குள் இறங்கிவிட வேண்டாம். செயற்கை அருவிச் சுவரை ஒட்டிய பார்வை மேடைக்குப் படியேறுங்கள். கீழே பரந்திருக்கும் பகுதிக்குப் ‘பார்டேர்’ என்று பெயர். குட்டையாக வெட்டிய பாக்ஸ்வுட் வேலிகளும் பூக்களும் புல்லும் சேர்ந்து தரையில் விரித்த பின்னல் வேலைப்பாடு போல அமைந்தது அது. அதைத் தரையில் நின்று பார்த்தால் முழங்கால் உயரச் செடிகள் மட்டுமே தெரியும், வடிவம் தெரியாது. அரண்மனையின் மேல்தளச் சாளரத்தில் நிற்பவருக்காக வரையப்பட்ட கோலம் அது. நடுவில் உள்ள மணி நீரூற்றிலிருந்து தெற்கே பெரிய நீரூற்று வரை ஒரே நேர்கோடு ஓடுவதை இங்கிருந்து கண்ணால் இழுத்துப் பாருங்கள். கோட்டின் இரு பக்கமும் ஒன்றையொன்று கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். எதையெல்லாம் ஒருவர் இரட்டையாகச் செய்ய முடியுமோ அதையெல்லாம் இரட்டையாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சமச்சீர் சற்று மூச்சு முட்ட வைப்பதாக எனக்குத் தோன்றும். அரசர்களுக்கு அதுதான் தேவையாக இருந்தது போலும்.

மூன்றாம் கட்டம்: குகை, அரங்கு, புதிர்ப்பாதை

மேடையிலிருந்து இறங்கியதும் அருகிலுள்ள குகைக்குச் செல்லுங்கள். 17ஆம் நூற்றாண்டில் சிப்பியும் படிகமும் பதித்து உருவாக்கப்பட்ட செயற்கைக் குகை இது. பின்னாளில் அலங்காரம் முழுவதும் பெயர்ந்து, வெறும் கிடங்காகப் பயன்பட்டது. பிரெஞ்சுக் கலைஞர் நிக்கி த சேன் ஃபால் இதன் மூன்று அறைகளுக்கும் புதிய வடிவம் தந்தார். 2002இல் அவர் இறந்துவிட, 2003இல் குகை திறக்கப்பட்டது. ஓர் அறை முழுவதும் நீலமும் வெள்ளிக் கண்ணாடியும். இன்னோர் அறையில் கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வண்ண வண்ண உருவங்கள் ஆடுகின்றன. சுவருக்கு ஓர் அடி தொலைவில் நின்று பாருங்கள். விரல் நகம் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரையிலான கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் உங்கள் முகத்தின் ஒவ்வொரு துணுக்கு. தலையைச் சற்று அசைத்தால் சுவர் முழுவதும் அசையும். முந்நூறு ஆண்டுப் பழமையான தோட்டத்தில் நவீனக் கலையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. விருந்தினரைத் திகைக்கவைப்பதற்கென்றே கட்டிய இடத்தில் திகைப்பு மீண்டும் வந்திருப்பதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.

பார்டேரின் கிழக்கே வேலி அரங்கு இருக்கிறது. 1689க்குப் பின் சில ஆண்டுகளில் அமைக்கப்பட்ட இத்திறந்தவெளி அரங்கில், மேடையின் பக்கத் திரைகளாக நிற்பவை வெட்டிய மரவேலிகளே. அவற்றுக்கு முன்னால் பொன்முலாம் பூசிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மேடை பின்னோக்கிச் செல்லச் செல்லக் குறுகுகிறது. அதனால் உள்ளதைவிட ஆழமாகத் தெரியும். பார்வையாளர் இருக்கைப் படியில் ஒரு முறையும் மேடையின் பின்கோடியில் ஒரு முறையும் நின்று பார்த்தால் இந்தக் கண்கட்டு வித்தை பிடிபட்டுவிடும். கோடையில் இங்கே இன்றும் நாடகங்கள் நடக்கின்றன.

மேற்கேயுள்ள புதிர்ப்பாதை 1930களின் புதுப்பித்தலில் அமைந்தது. குழந்தைகளோடு வந்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். அதே புதுப்பித்தலில் பார்டேருக்குத் தெற்கே வெவ்வேறு பாணிகளில் எட்டுச் சிறு தோட்டங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஓரிரண்டைப் பார்த்தால் போதும்.

நான்காம் கட்டம்: பெரிய நீரூற்று

11 மணிக்குச் சற்று முன்பாகவே குளத்தருகே வந்துவிடுங்கள். நீர் எழும்பும் அந்த முதல் நிமிடத்தைத்தான் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஆளுயரம், பிறகு மரவுயரம், பிறகு தலையை முழுதாக நிமிர்த்தினாலொழிய உச்சி தெரியாத உயரம். இன்று 70 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் நிற்பவர்கள் நனைவார்கள். கேமராவை முன்னரே மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் நீரை உயர எழுப்பப் பட்ட பாடு ஒரு தலைமுறைக் கதை. அருகே குன்று இருந்தால் அதன் மேல் நீர்த்தொட்டி கட்டி, இறங்கும் நீரின் அழுத்தத்தால் ஊற்றை எழுப்பலாம். ஹனோவரோ தட்டையான நிலம். அரசவையில் நூலகராகவும் வரலாற்றாசிரியராகவும் இருந்த தத்துவமேதை லைப்னிட்ஸ், லைனே ஆற்றின் நீரோட்ட விசையைக் கொண்டே நீரை உந்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவர். ஆற்றில் அணை கட்டி, நீர்ச்சக்கரங்கள் அமைத்து, குழாய்கள் வெடித்து, மீண்டும் போட்டு, ஒருவழியாக 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 35 மீட்டர் உயரத்தை எட்டினார்கள். அதற்குள் சோஃபியாவும் இல்லை, லைப்னிட்ஸும் இல்லை. வெர்சாயின் ஊற்றுகளை வெல்ல வேண்டும் என்ற ஆசையின் பலனை, ஆசைப்பட்டவர்கள் பார்க்கவில்லை.

ஐந்தாம் கட்டம்: வேலிகளுக்குள் நடங்கள்

நீரூற்று அடங்கியதும் கூட்டம் அரண்மனைப் பக்கம் திரும்பிவிடும். உண்மையான நடை அப்போதுதான் தொடங்குகிறது. தெற்குப் பாதியான ‘புதிய தோட்டம்’, ஹார்ன்பீம் மரங்களை ஆளுயரத்துக்கு மேல் சுவர்போல வெட்டி வளர்த்த முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து பார்த்தபோது தெளிவாகத் தெரிந்த கோடுகள் இங்கே காணாமற்போகும். இருபுறமும் பச்சைச் சுவர், காலடியில் சரளை நெரிபடும் ஓசை, சில முக்கோணங்களின் உள்ளே பழமரங்கள். அவசரப்படாதீர்கள். அழகோடு கனியும் தந்தாக வேண்டும் என்ற கணக்கில் நட்டவை அந்தப் பழமரங்கள்.

இங்கே ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உலகில் முற்றிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொருள்கள் இல்லை என்பது லைப்னிட்ஸின் கொள்கை. இத்தோட்டத்தில் சோஃபியாவோடு உரையாடிக்கொண்டிருந்தபோது அரசவைக் கனவான் ஒருவர் அதை ஏற்கவில்லை. ஒரே மாதிரியான இரண்டு இலைகளைக் கொண்டுவந்து காட்டுவதாகக் கிளம்பினார், நெடுநேரம் தேடினார், கிடைக்கவில்லை. லைப்னிட்ஸே பின்னாளில் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். கீழே உதிர்ந்த ஹார்ன்பீம் இலைகளில் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரம் இரட்டைப் பல் போல வெட்டுண்டிருக்கும்; நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் இணையாகப் பிரியும். நரம்புகளை எண்ணினால் சில நேரம் எண்ணிக்கை ஒத்துப்போகும், உடனே ஓரத்தின் பற்கள் ஒத்துப்போகா. எல்லாம் இரட்டையாகச் செய்யப்பட்ட ஒரு தோட்டத்தின் நடுவில் இந்த விவாதம் நடந்தது என்பதுதான் இதன் சுவை.

தென்கோடியில் மூலைக்கொன்றாக இரண்டு சிறு மண்டபங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றின் நிழலில் அமர்ந்து அகழியைப் பார்க்கலாம். சோஃபியா காலத்தில் இதில் வெனிஸ் நகரத்துப் படகுகள் மிதந்தன. ஓட்டுவதற்கு வெனிஸிலிருந்தே படகோட்டியையும் வரவழைத்திருந்தார்கள். திரும்பும்போது அகழியை ஒட்டிய மரநிழல் பாதையில் வாருங்கள்; வெயில் ஏறியிருக்கும். வழியில், சோஃபியா விழுந்த இடத்தருகே வைத்துள்ள அவரது பளிங்குச் சிலையையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கே நினைக்க ஒரு செய்தி உண்டு. பிரிட்டனின் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஹனோவருக்கும் அதிபதி. ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. வராதவர், 1780களில் ஹனோவர் நாட்டுக் காலாட்படைப் பிரிவுகள் இரண்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்து மதராசுக்கு அனுப்பினார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுப் படைக்கு எதிராக அவர்கள் போரிட்டார்கள். ஜெர்மன் இலக்கியத்தில் பெயர்பெற்ற ஷ்லேகல் சகோதரர்களின் அண்ணன் கார்ல் ஆகுஸ்ட், அப்படையோடு வந்து 1789இல் மதராசிலேயே இறந்தார். சமஸ்கிருத ஆய்வில் அந்தச் சகோதரர்கள் பிற்பாடு காட்டிய ஈடுபாட்டை எண்ணும்போது இந்த மரணம் நினைவுக்கு வரும்.

கடைசிக் கட்டம்: சாலைக்கு அப்பால் பெர்க்கார்ட்டன்

பிற்பகலில் சாலையைக் கடந்து பெர்க்கார்ட்டனுக்குள் செல்லுங்கள். அரண்மனைக்குக் காய்கறி விளைவிக்கத் தொடங்கிய நிலம் இது. பிறகு தாவரத் தோட்டமானது. ஆர்க்கிட் செடிகளின் சேகரிப்பு ஐரோப்பாவில் பெரியவற்றுள் ஒன்று. பூத்திருப்பவற்றை மட்டும் காட்சி இல்லத்தில் முறைவைத்து அடுக்குவதால் எந்த மாதம் சென்றாலும் ஏமாற்றம் இல்லை. இன்று உலகெங்கும் சாளர விளிம்புகளில் வளரும் ஆப்பிரிக்க வயலட் செடிக்கு, 1893இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தவர் இத்தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஹெர்மான் வெண்ட்லாண்ட். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விதைகளை இங்கே முளைக்கவைத்தே அதைச் செய்தார்கள்.

தோட்டத்தின் கோடியில், லிண்டன் மரங்களின் முடிவில், ஒரு கல்மண்டபம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஹனோவர் அரசர் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட்டும் அவர் மனைவியும் அடக்கமான இடம் இது. கட்டிடக் கலைஞர் லாவஸ் 1840களில் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் நகரின் பழைய அரண்மனைத் தேவாலயம் அழிந்த பிறகு, அங்கே இருந்த முதலாம் ஜார்ஜின் பேழையையும் சோஃபியாவின் பேழையையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் அல்லாமல் இங்கேதான் அந்த பிரிட்டிஷ் அரசர் இருக்கிறார். கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும். முன்புறத் தூண்கள் வரை சென்று திரும்பலாம். கோடை மாலைகளில் சில நாட்கள் பெருந்தோட்டத்தின் வேலிகளுக்கும் ஊற்றுகளுக்கும் விளக்கேற்றுவார்கள். அன்று அப்படி ஒரு நாளாக இருந்தால், இருட்டும் வரை காத்திருந்து, பார்த்துவிட்டு, வாசலிலேயே டிராம் ஏறுங்கள். லிண்டன் சாலையில் இன்னொரு 2 கிலோமீட்டர் நடக்க அந்நேரம் கால் இடம் கொடுக்காது.